புங்கை மரத்தடியில் நாற்காலி போட்ட அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு அம்மை கண்டு, இப்போது மூன்றாம் தண்ணியும் ஊற்றியாயிற்று. பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. இன்று காலையில் தானாகவே எழுந்து திண்ணைக்கு வந்து, ஒரு சொம்பு கேப்பைக் கூழை மிச்சம் வைக்காமல் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத எனக்குத் தெம்பு வந்தது. நடந்தது என்னவென்று சோழவந்தான் பக்கம் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாலாம் நாள் ராத்திரியைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டித் துடைக்கிற அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். "பேரு கீரு போட்டுறாத தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், அதனால் பெயர் போடவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். அவருக்கு இதைப் படித்துக் காட்டச் சொல்லி அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமையே இவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நெஞ்சிலும் முதுகிலும் நாலைந்து சிவப்புப் பொட்டு. ஒரு கிளினிக்கில் காட்டினோம். வெயில் கொப்புளம் என்று சொல்லி ஒரு ஊசியும் களிம்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் முகத்தில், தலைமுடிக்குள், வாய்க்குள்ளே கூட. அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மருந்து மாத்திரை எதுவும் கூடாது, ஆத்தா கோவிச்சுக்குவா என்று ஒரே பிடிவாதம். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் பிள்ளைப் பிராயத்தில் அம்மை என்றால் அது பெரியம்மை. தெருவுக்கு ஒரு வீட்டில் பிணம் விழுந்ததைப் பார்த்த கண். அந்தப் பெரியம்மை 1975-லேயே நம் நாட்டை விட்டுப் போய்விட்டது, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், இது வேறு கிருமி, சின்னம்மை என்று பின்னால் டாக்டர் எடுத்துச் சொன்னார். அன்றைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து, இவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள் என்பது எனக்கு மறந்தே போயிற்று. நான் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். உள்ளே பெஞ்சு பூராவும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அப்போதுதான் அந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். "நில்லு தாயி, நில்லு. அங்கிட்டு வா."

எனக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரர்களே வாசலோடு திரும்பிப் போன காலை அது. இவரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அக்கா எங்களைப் போகவிடவில்லை. உள்ளே போய் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். புங்கை மரத்தடியில், நிழல் நன்றாக விழுகிற இடமாய்ப் பார்த்துப் போட்டார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தக் கை பூராவும் கொப்புளம். அக்கா கூசவே இல்லை. "நானும் சின்னதுல ஆத்தா பார்த்தவதான், இங்க பாரு" என்று நெற்றியில் இருந்த குழித் தழும்பைக் காட்டினார். "எனக்கு ஒண்ணும் செய்யாது. உள்ள இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் ஆகாது. வயித்துல இருக்கிறதையும் சேத்துல்ல வாட்டும். அதான் இங்கன உக்கார வச்சேன். கோவிச்சுக்காதய்யா" என்று இவரிடம் சொன்னார். கோவிச்சுக்காதய்யா என்ற அந்த ஒரு வார்த்தையில் இவர் அழுதுவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அப்புறம் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "ஒண்ணு இப்பத்தான் சிவக்குது, ஒண்ணு பனித்துளி கணக்கா தண்ணி கோத்திருக்கு, இந்தா ஒண்ணு வாட ஆரம்பிச்சிருச்சு. மூணும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிது. வெயில் கொப்புளம்னு எவன் சொன்னான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். உடம்பில் ஆரம்பித்து, அலை அலையாக, ஒரே இடத்தில் எல்லாப் பருவத்திலும் கொப்புளம் இருந்தால் அது சின்னம்மை. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கே போனீர்கள் என்று கேட்டார். உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனதும், அங்கே ஒரு பிள்ளையை இவர் தோளில் போட்டுக்கொண்டு திரிந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் கிளம்புமாம்.

டாக்டரம்மா வெளியே வந்து, மரத்தடியில் நின்றபடியே பார்த்தார். அவரைக் கூட்டிவந்ததும் அக்காதான். ஓ.பி. சீட்டு போட்டதும் அவர், மாத்திரை வாங்கிவந்ததும் அவர். வரிசையில் நின்றிருந்தால் மதியம் ஆகியிருக்கும். பெரியவர்களுக்கு வந்தால் பிள்ளைகளைவிடக் கடுமையாக இருக்கும், முதல் பொட்டு கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால்தான் முழுப் பலன் என்றார் டாக்டரம்மா. 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். முதல் மாத்திரையை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் விழுங்கினார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்தான், வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தரவே கூடாது, நகத்தை ஒட்ட வெட்டுங்கள், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டுகிறவரை வெளியே விடாதீர்கள் என்றார்.

கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மாமியா என்ன சொல்றாங்க?" என்றார். நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்னு சொல்லு. தாளிக்க வேணாம்னா தாளிக்காத. அதுக்கெல்லாம் சண்டை போடாத. ஆனா மூச்சு வாங்குச்சுன்னா மட்டும் யாரையும் கேக்காத தாயி. வெரசா 108-க்குப் போனப் போடு." டாக்டரம்மாவும் இதைச் சொல்லியிருந்தார். நாலாம் நாள் ராத்திரி எனக்குக் காதில் கேட்டது என்னவோ அக்கா குரல்தான். நான் யாரையும் கேட்கவில்லை. அத்தையையும் கேட்கவில்லை.

தள்ளி நில் என்று அந்த அக்காவிடம் இந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை விதமாகச் சொல்லியிருப்போம் என்று பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்டவர் எங்களைத் தள்ளி உட்கார வைத்தார், ஒதுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருக்கிறது, சேலைத் தலைப்பால் துடைத்த நாற்காலி.

அன்று உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் என் கூடப்பிறந்த அக்காவின் மகளும் ஒருத்தி. ஏழு மாசம். எனக்கு அது ராத்திரிதான் தெரியவந்தது. அதிலிருந்து நான் நாள் எண்ணாத நாளே இல்லை. நேற்றோடு 21 நாள் முடிந்தது. அவளுக்கும் ஒன்றுமில்லை, கூட இருந்த யாருக்கும் ஒன்றுமில்லை என்று நர்ஸம்மா சொன்னார்கள். ஜெனகை மாரியம்மா, உனக்கு வைகாசியில் மாவிளக்கு எடுக்கிறேன்.

மற்றவர்களையெல்லாம் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், குறை நினைக்காதீர்கள். வழி பூராவும் இவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த 108 தம்பிகள். நுரையீரலில் இறங்கிவிட்டது என்று தெரிந்தும் எங்கள் முன்னால் முகம் மாறாமல் நின்ற பெரியாஸ்பத்திரி டாக்டர்கள், தனி வார்டு நர்ஸம்மாக்கள். இவர் இல்லாத நாளெல்லாம் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டிய கூட்டாளிகள். இளநீர் சீவி வாசலில் வைத்துவிட்டுப் போன தோப்புக்காரர். எங்கள் மகளுக்கு மூன்று நாளுக்குள் தடுப்பூசி போட்டுவிட்டால் நல்லது என்றார்கள். அரசு இலவச ஊசியில் அது கிடையாது, மதுரையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அந்தக் காசைக் கொடுத்து, கூடவே பஸ் ஏறி வந்த அவள் டீச்சர். அவள் உடம்பில் ஒரு பொட்டு கிளம்பவில்லை, டீச்சர். கடைசியாக அத்தை. பெரியாஸ்பத்திரியில் நாலு நாளும் தரையில் படுத்துக் கிடந்து, வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தது அவர்கள்தான்.

அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கமாட்டேன் என்றுவிட்டார். வெற்றிலை போடுகிறவர் என்பது வாயைப் பார்த்தால் தெரியும். நம் கொடிக்கால் இருக்கிறவரை வாரம் ஒரு கவுளி வெற்றிலை உங்களுக்குத்தான் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று முதல் கவுளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே புங்கை மரத்தடியில், அதே நாற்காலி கிடந்தது. வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "அவரு கையால கிள்ளினதா?" என்று கேட்டார்.

இல்லை அக்கா, கூட்டாளிகள் கிள்ளினது. இவர் கொடிக்காலில் இறங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். அடுத்த மாசக் கவுளி இவர் கையால் வரும். இவரே கொண்டுவந்து தருவார்.