பூசாரி பேசிய மொழியைக் கண்டுபிடித்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வகுப்பறையில் மெய்நிகர் தொழில்நுட்பத்தைக் கொண்டு பண்டைய வரலாறு கற்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் வரலாற்று ஆசிரியை. மாட்டிக்கொண்டால் அந்த இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியை வகுப்பில் பயன்படுத்தியும் பார்த்துவிட்டேன். கட்டுரை சொன்ன நன்மைகள் எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்றை அது தொடவே இல்லை: காட்சியில் எது சான்று, எது ஊகம் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை அந்தக் கண்ணாடியில் காட்டிய நாள் அது. புத்தகத்தில் அது ஒரு சின்னப் படம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஒரு பையன், குளத்தின் விளிம்புக்கு வந்ததும் சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "என்னைவிட ஆழம் மிஸ்!" என்றான். அந்த 2.4 மீட்டரை இனி அவன் மறக்கமாட்டான். இதற்காகவே இந்தக் கருவியை நான் வரவேற்கிறேன்.

அந்தக் காட்சியில் குளக்கரையில் ஒரு பூசாரி பேசுவார். அப்புறம் ஒரு மாணவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பூசாரி பேசின பாஷையை யார் மிஸ் கண்டுபிடிச்சாங்க?"

யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிந்துவெளி எழுத்துகள் இன்றுவரை எல்லோரும் ஏற்கும்படி படிக்கப்படவில்லை. அந்த மக்கள் என்ன மொழி பேசினார்கள் என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. சுட்ட செங்கல் உண்மை. நீர் கசியாமலிருக்கப் பூசிய இயற்கைத் தார் உண்மை. இரு பக்கமும் இறங்கும் படிக்கட்டும், பக்கத்து அறையில் உள்ள கிணறும் உண்மை. பூசாரி அங்கே கிடைக்கவில்லை. அது சடங்குக்கான குளம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்தான். ஆனால் கண்ணாடிக்குள் செங்கல் எவ்வளவு திடமாகத் தெரிகிறதோ, பூசாரியும் அவ்வளவு திடமாகத் தெரிகிறார். புத்தகத்தில் "இருந்திருக்கலாம்" என்று ஒரு சொல் போட்டால் போதும். காட்சியில் அதை எப்படிப் போடுவது?

கணினி வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. 1900-இல் கிரேக்கத்தின் கிரீட் தீவில், நொசோஸ் என்ற பண்டைய அரண்மனை இருந்த இடத்தில் அகழாய்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், பின்னாளில் அந்த அரண்மனையின் பல பகுதிகளைக் கான்கிரீட் கொண்டு எழுப்பினார். அங்கே புகழ்பெற்ற 'அல்லி இளவரசன்' ஓவியம் தனித்தனியாகக் கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. அந்தத் துண்டுகள் ஒரே உருவத்தைச் சேர்ந்தவையே அல்ல என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனாலும் அந்த இளவரசன்தான் இன்றும் எல்லோர் மனதிலும் நிற்கிறான். ஒரு சுவர் ஓவியமே இப்படி நிலைத்துவிட்டது என்றால், பிள்ளைகள் உள்ளே போய் நடந்து பார்த்த காட்சியைச் சொல்லவா வேண்டும்?

இதற்கு வழியும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் மறுஉருவாக்கம் செய்வதற்காக 2006-இல் லண்டன் சாசனம் என்ற நெறிமுறை உருவானது. எது சான்று, எது மீட்டமைப்பு, எது கருதுகோள் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது அது. எனக்குக் கிடைத்த பாட மென்பொருள்கள் எதிலும் அந்தப் பிரிவினையைக் காணோம். ஊகமாகச் சேர்த்த பகுதிகள் ஒரு பொத்தானை அழுத்தினால் மங்கலாகத் தெரிய வேண்டும். தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான்.

கண்ணாடியை மாட்டினாலே பாடம் மண்டையில் ஏறிவிடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. 2018-இல் பரோங், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் அறிவியல் பாடத்தை ஒரு குழுவுக்கு வி.ஆரிலும் இன்னொரு குழுவுக்குச் சாதாரண ஸ்லைடுகளிலும் காட்டினார்கள். வி.ஆர். குழுவுக்கு ஆர்வம் கூடியது, ஆனால் ஸ்லைடு பார்த்தவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். வி.ஆர். பாடத்தை இடையிடையே நிறுத்திச் சுருக்கம் எழுத வைத்தபோது கற்றலும் கூடியது, ஆர்வமும் குறையவில்லை. அது அறிவியல் பாடம்தான். ஆனாலும் என் வகுப்பிலும் எழுத வைத்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது.

இப்போது நான் முதலில் அகழாய்வுப் புகைப்படத்தைக் காட்டுகிறேன். பிறகு எட்டு நிமிடம் மட்டும் கண்ணாடி. தலைசுற்றுகிறது என்கிற பிள்ளைகளை வற்புறுத்துவதில்லை, அவர்கள் திரையில் பார்க்கட்டும். கழற்றியதும் நோட்டில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் "கிடைத்தது", மறுபக்கம் "சேர்த்தது" என்று எழுதச் சொல்கிறேன். சென்ற முறை செங்கல்லும் படிக்கட்டும் உடனே இடப்பக்கம் போயின. பூசாரி வலப்பக்கம் போனார். தண்ணீரில்தான் சண்டை வந்தது. கிணறும் வடிகாலும் கிடைத்திருக்கும்போது தண்ணீர் இல்லாமலா இருக்கும் என்றது ஒரு கூட்டம். சரி, அது எத்தனை படி வரைக்கும் நின்றது என்று யாருக்குத் தெரியும் என்றது இன்னொரு கூட்டம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு மாணவி, தண்ணீரை நடுக்கோட்டின் மேலேயே எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை