"பரவாயில்லை" என்றது திருப்தி ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நலவாழ்வுப் பகுதியில், முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கான லேசர் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையில், "சிகிச்சை பெற்ற பெண்களில் பெரும்பாலோர் முழுத் திருப்தி தெரிவித்துள்ளனர்" என்று ஒரு வரி இருந்தது. அவர்களிடம் யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். அதைவிட முக்கியமாக, இப்படிப்பட்ட ஓர் ஆய்வின் திருப்திக் கணக்கில் நானும் ஒருத்தியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் இரு கன்னங்களிலும் படர்ந்த மங்கு பல ஆண்டுகளாகியும் மறையாததால், எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு முறை லேசர் செய்துகொள்ள முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். விவரங்களை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட்டேன். கடைசி நாளன்று, முகத்தில் சிவப்பும் எரிச்சலும் அடங்குமுன், மருத்துவர் எதிரில் அமர்ந்திருக்க, செவிலியர் படிவத்தோடு வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றார். "பரவாயில்லைங்க" என்றேன். அவர் "நன்று" என்ற கட்டத்தில் குறியிட்டார்.

தமிழில் "பரவாயில்லை" என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காய்ச்சல் சற்றுத் தணிந்தாலும் அதைத்தான் சொல்கிறோம். காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டாலும், விருந்தில் குழம்பு உப்புக் கரித்தாலும் அதைத்தான் சொல்கிறோம். தனக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, செலவழித்த பணம் வீண் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? நான் அன்று சொன்னது மரியாதைக்காகச் சொன்னது. அதை ஆய்வாளர்கள் முடிவாக எழுதிக்கொண்டார்கள்.

சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதம் மங்கு முன்னைவிடக் கருமையாகத் திரும்பி வந்தது. மங்கு மீண்டும் வரும் இயல்புடையது என்பதும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் சூடே புதிய கருமையை உண்டாக்கக்கூடும் என்பதும் தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. ஆயினும் அந்த ஐந்தாம் மாதத்தில் என்னை யாரும் அழைத்துக் கேட்கவில்லை. கடைசி நாள் பதிலோடு என் கணக்கு முடிந்துவிட்டது.

அழகுச் சிகிச்சை ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஓர் ஐந்து படி அளவுகோலில் மிக அதிக முன்னேற்றம், அதிக முன்னேற்றம், முன்னேற்றம், மாற்றமில்லை, மோசம் என்று படிகள் இருக்கின்றன. நல்லதற்கு மூன்று கட்டங்கள், கெட்டதற்கு ஒன்றே ஒன்று. இப்படியொரு வினாத்தாளை என் மாணவி தயாரித்துக் கொண்டுவந்தால் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேறு வழி இல்லாமலும் இல்லை. மார்பக அறுவைக்கு 2009இல் வெளியான பிரெஸ்ட்-கியூ, அதே குழுவினர் பின்னர் முகச் சிகிச்சைகளுக்காக உருவாக்கிய ஃபேஸ்-கியூ ஆகிய வினாத்தொகுப்புகள் நோயாளிகளிடமே நீண்ட நேரம் பேசி, அவர்கள் வாய்ச்சொற்களிலிருந்து எழுதப்பட்டவை. தோற்றம், மனநிலை, பக்க விளைவு என்று அவை தனித்தனியே கேட்கின்றன. மங்குக்கென்றே வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பத்துக் கேள்விகள் 2003 முதல் இருக்கின்றன. இவற்றில் எது பயன்பட்டது என்று தங்கள் கட்டுரையாளர் ஒரு வரி கேட்டிருக்கலாம்.

கேட்கும் காலம் எவ்வளவு முக்கியம் என்பதை என் தங்கையின் முகத்தில் கண்டேன். மருந்துக்கடையில் தாமாகவே எடுத்துக் கொடுத்த, ஸ்டீராய்டும், நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனும், மேல்தோலை உதிரச் செய்யும் ட்ரெட்டினாயினும் கலந்த களிம்பைப் பூசினாள். மூன்றாம் வாரம் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பாள். அவ்வளவு பளிச்சென்று இருந்தது. ஓர் ஆண்டில் தோல் மெலிந்து, சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிந்து, களிம்பை நிறுத்தினால் முகம் எரியும் நிலைக்கு வந்தாள். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்தபோது இதையெல்லாம் விவரித்துத் தங்களுக்கு எழுதினேன். அக்கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வெளிவந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஏழு நாளில் சிவப்பழகு தருவதாக ஒரு விளம்பரம் இருந்தது. இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகிக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனது வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய ஆய்வுச் செய்திகளை வெளியிடும்போது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை பதிலளித்தார்கள், சிகிச்சை முடிந்து எத்தனை மாதங்களுக்குப் பின் கேட்கப்பட்டது, கேட்டவர் சிகிச்சை அளித்தவரா பிறரா என்ற நான்கு விவரங்களைச் சேர்க்கும்படி தங்கள் உதவி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். அவை கிடைக்காவிட்டால் "முழுத் திருப்தி" என்ற சொல்லைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். சென்ற வாரக் கட்டுரைக்கும் இவ்விவரங்களைப் பெற்று அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறேன். இம்முறை கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், ஐந்தாம் மாதம் பற்றிய பத்தியை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.