ஆணி குத்திய தகர மூடிக்கு நீங்கள் தந்த மரியாதை

சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை அரும்பொருளகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், தொண்டூழியர்களுக்கும், அன்று எங்களோடு சேர்ந்து சுற்றிவந்த பேர் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை 91 வயது அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான்தான். உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய சுற்று எங்களால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அம்மாவுக்கு வர விருப்பமே இல்லை. "ஜப்பான்காரன் காலத்தை நான்தான் கண்ணால பார்த்துட்டேனே, இன்னும் என்னத்தப் போய்ப் பார்க்கிறது" என்றார். ஆனால் கிளம்பும்போது மடியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மருந்தாக இருக்கும் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

உள்ளே வந்ததும் எல்லாரும் அந்தக் கூட்ட அறைக்குத்தான் போனார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட அறை. அசல் மேசை ஆஸ்திரேலியாவில் கான்பராவில் இருக்கிறது என்று வழிகாட்டி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாழைமர நோட்டுக்கு முன்னால் போய் நிறுத்தச் சொன்னார். ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளி (டாலர்) நோட்டு, அதில் வாழைமரம் குலை தள்ளி நிற்கும். தேவைப்பட்ட அளவுக்கு அடித்துத் தள்ளினார்கள், போகப் போக வரிசை எண்கூட இல்லாமல். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. சண்டை முடிந்த அன்றைக்கு அது வெறும் காகிதம். பாட்டி தலையணை உறைக்குள் தைத்து வைத்திருந்ததை அப்புறம் பிள்ளைகள் கடை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டார்களாம். பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம், ஒரு வார்த்தை பேசாமல்.

அங்கேதான் அம்மா பையைத் திறந்தார். உள்ளே ஒரு பிஸ்கட் டின் மூடி. துருப்பிடித்து ஓரமெல்லாம் நெளிந்துபோனது. ஒரு பக்கம் முழுக்க ஆணியால் குத்தின ஓட்டைகள், மறுபக்கம் திருப்பினால் சொரசொரவென்று பற்கள். மரவள்ளிக்கிழங்கு துருவுவதற்காகத் தாத்தா செய்துகொடுத்தது. அரிசி பங்கீட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும், அதுவும் வரவரக் குறைந்துகொண்டே போனது, அதனால் ஊர் முழுக்கக் கிழங்குதான். பச்சையாகத் துருவி, துணியில் போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் அடியில் படியும் மாவை வெயிலில் காயவைத்துத் தோசை என்று சுட்டால் கல்லை விட்டு எழும்பாதாம். "பசைமாரி இழுக்கும்" என்று அம்மா விரலால் இழுத்துக் காட்டினார். துருவும்போது விரல் கிழியும். அம்மாவின் வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருப்பது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். அது இந்த மூடி போட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழிகாட்டி அக்கா, நீங்கள் அந்த மூடியை இரண்டு கையாலும் வாங்கினீர்கள். தாம்பூலத் தட்டை வாங்குவதுபோல வாங்கினீர்கள். "அம்மா, ஒரு நிமிஷம், இவங்களுக்கும் சொல்லிடுறேன்" என்று சொல்லி, அம்மா தமிழில் சொன்னதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னீர்கள். நடுவில் ஒன்றையும் சேர்க்கவில்லை, விடவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் ஒருவர் மாற்றி ஒருவராக அந்தப் பற்களைத் தொட்டுப் பார்த்தார்கள். என் வீட்டில் யாரும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை அக்கா. நானும்தான்.

அம்மாவுக்கு அதன் பிறகு வாய் ஓயவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்துப் பக்கம் குண்டு விழ ஆரம்பித்ததும் சிராங்கூன் சாலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடியது, அப்போது அம்மாவுக்கு ஏழு வயது. கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டதால் விடியாத நேரத்தில் பள்ளிக்கூடம் போனது, காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைக்க மறந்த பக்கத்து வீட்டுக்காரர் கன்னம் வீங்கி வந்தது, சாக்குத் துணியில் பாவாடை. இச்சி, நி, சான், ஷி, கோ என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிறவர் பத்து வரை ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு வலிக்கும் என்று யாரும் கேட்காமலேயே மெத்தை கொண்டுவந்து கொடுத்த தம்பிக்கு நன்றி. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழிலேயே பேசிப் பதிவு செய்த வாய்மொழி வரலாற்று ஒலிநாடாக்கள் இருக்கின்றன, இணையத்திலேயே கேட்கலாம் என்று அந்தத் தம்பிதான் எனக்குச் சொன்னார். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு அதைத்தான் போட்டுவிடுகிறேன். 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கியவர்களுக்கும், அதன் பிறகு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நம் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே கேள்வி கேட்டவர்களுக்கும் யார் இதுவரை நன்றி சொன்னார்களோ தெரியாது, என் நன்றியும் சேரட்டும். தளபதிகள் பேசியது எப்படியும் புத்தகத்தில் ஏறிவிடும். கிழங்கு பிழிந்த துணியைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வேண்டும், கேட்டதை எழுதி வைக்க இன்னோர் ஆள் வேண்டும். பேசியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் இருமுவதுகூடப் பதிவில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் அம்மா அழுதார். ஜொகூர் தோட்டத்தில் இருந்த அவருடைய தாய்மாமா ஜப்பானியர் காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அவர் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அக்கா, நீங்கள் சமாளிக்காமல் உண்மையைச் சொன்னீர்கள். பர்மா எல்லை தாண்டிப் போன அந்த 415 கிலோமீட்டர் பாதையில் போர்க் கைதிகளுக்காவது கணக்கு இருக்கிறது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்களுக்கு முழுப் பட்டியல் கிடையாது என்று. அப்புறம் உங்கள் குறிப்பேட்டை எடுத்து மாமாவின் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். எழுதியதைத் திருப்பி அம்மாவிடம் காட்டினீர்கள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, இருந்தாலும் குனிந்து பார்த்தார்.

2017இல் இந்த இடத்துக்கு 'சியோனான்' என்று, ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்திருந்த அதே பேரை வைத்ததும் மக்கள் கொதித்ததும் இரண்டே நாளில் பேரை மாற்றியதும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது வேண்டாம் என்று சத்தம் போட்டவர்களுக்கும், அதைக் கேட்டு மாற்றியவர்களுக்கும் இப்போது நன்றி சொல்லத் தோன்றுகிறது. வாசலில் அந்தச் சொல் இருந்திருந்தால் அம்மா உள்ளே வந்திருக்க மாட்டார்.

திரும்பி வரும்போது எங்களை ஏற்றிய டாக்ஸிக்கார அங்கிளுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அம்மா சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் தாத்தா, ஜப்பானியர் சீனர்களை வடிகட்டிக் கொன்ற சூக் சிங் விசாரணைக்கு வரச்சொல்லி வரிசையில் நின்றவர், லாரியில் ஏற்றிக்கொண்டு போனதோடு சரி. இரண்டு பேரும் வழி முழுக்க மலாயில் பேசிக்கொண்டே வந்தார்கள், நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவரே வந்து நாற்காலியை விரித்துக் கொடுத்தார்.

மூடி இப்போது சமையலறையில் ஆணியில் மாட்டியிருக்கிறது. அதை உங்களிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன், "நான் போன பிறகு கொடு" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடவைத்த ஜப்பானியப் பாட்டு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது, அன்றைக்கு இதைப் பாட மறந்துவிட்டேனே என்று ஒரே கவலை. அந்த அக்கா எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சொல்லியனுப்புங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன்.