காளானுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுவோருக்கு, வணக்கம்.

காட்டைப் பற்றிய பாடம் என்றால் ஒரு படம் இருக்கும். நடுவில் பெரிய மரம், கிளையில் பறவை, பக்கத்தில் மான். காளானும் இருக்கும், மரத்தடியில், சிவப்புக் குடையும் வெள்ளைப் புள்ளியுமாக, அழகுக்கு. நான் படித்த நூலில் அதற்குக் கிடைத்தது ஒரே வரி: "பச்சையம் இல்லாத தாவரம்."

அந்த வரி எப்போதோ காலாவதியாகிவிட்டது. உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக, அதாவது உலகங்களாக, அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1969-இல் வெளியிட்ட வகைப்பாட்டிலேயே, காளானும் அடங்கிய பூஞ்சைகள் தனி உலகம். உறவு என்று பார்த்தால் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அவை நெருக்கம். நண்டின் ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருள் காளானின் செல் சுவரிலும் இருக்கிறது. இதை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி உடனே வரும்.

ஆனால் பாடத்தை வகைப்பாட்டில் தொடங்க வேண்டாம். ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: காட்டில் காலங்காலமாக இலை உதிர்கிறது, மரம் சாய்கிறது, யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. பிறகு ஏன் அது குப்பைமேடாகவில்லை?

விடை, மட்கிக் கிடக்கும் கட்டையின் பட்டைக்கு அடியில் இருக்கிறது. பட்டையை மெல்லத் தூக்கினால் வெள்ளை நூல் நூலாகத் தெரியும். அதுதான் பூஞ்சையின் உடல். நாம் காளான் என்று பார்ப்பது, மரத்துக்குப் பழம் மாதிரி, அந்த உடல் வித்துகளைப் பரப்ப வெளியே அனுப்பும் உறுப்பு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைப்பது எளிதல்ல; அதில் முதல் கை சில வகைப் பூஞ்சைகளுடையதுதான். அவை பிரித்துப்போடும் சத்து மண்ணுக்குப் போய் அடுத்த செடிக்குச் சேர்கிறது. பிள்ளை அந்தக் கட்டையை விரலால் அழுத்திப் பார்க்கட்டும். பஞ்சு போல அமுங்கும். படத்தில் இதெல்லாம் வராது.

உயிருள்ள மரத்தோடும் பூஞ்சைக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் பாஸ்பரசும் இழுத்துத் தரும். மரம் சர்க்கரை கொடுக்கும். இந்தக் கூட்டுக்கு ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-இலேயே 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்துவிட்டார். இங்கே ஒரு வேண்டுகோள்: மரங்கள் மண்ணுக்கடியில் ரகசியம் பேசுகின்றன என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வாளர்களிடையே அதில் இன்னும் வழக்கு தீரவில்லை. கொடுக்கல் வாங்கலே போதுமான அதிசயம்.

நஞ்சைப் பற்றி? கட்டாயம் எழுதுங்கள். எந்தக் காட்டுக்காளானையும் வாயில் வைக்கக் கூடாது, சமைத்தாலும் சில நஞ்சுகள் போகாது, தொட்டால் கை கழுவ வேண்டும். ஆசிரியர் உடனிருக்க வேண்டும். சரி, அதோடு நிறுத்துங்கள். பாடம் முழுக்க "தொடாதே" என்றிருந்தால் பிள்ளை குனிந்துகூடப் பார்க்காது.

அடுத்த பதிப்பில் அந்தப் பாடத்துக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுங்கள். காம்பு நீக்கிய காளான் தொப்பியை, மடிப்புகள் கீழே பார்க்க அதில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணம் மூடி வைத்தால், மறுநாள் காலையில் வித்துகள் கோடு கோடாகப் படிந்திருக்கும். பாதிப் பக்கத்தைக் கறுப்பாக அச்சிடுங்கள். சில காளான்களின் வித்து வெள்ளை, வெள்ளைத்தாளில் தெரியாது.