நீங்க போட்டுக்கிட்டீங்களா, நர்ஸம்மா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தடுப்பூசி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'படிப்பறிவில்லாத கிராமத்து மக்கள் வதந்தியை நம்பி ஊசிக்கு வர மறுத்தார்கள்' என்று ஒரு வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2021-ல் நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். முதலில் தயங்கியது யார் தெரியுமா? நாங்கள்தான். ஜனவரி 16-ல் ஊசி தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல் முறை. அப்போது வந்த இரண்டு ஊசிகளில் ஒன்றான கோவாக்சினுக்கு, கடைசிக் கட்டமான மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேறு. எனக்குத் தெரிந்த டாக்டர்களே 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்றார்கள். அவர்கள் தயங்கினால் அது யோசனை, களையெடுக்கிற பெண் தயங்கினால் அறியாமையா? ஊருக்குள் போனால் முதல் கேள்வியே "நீங்க போட்டுக்கிட்டீங்களா, நர்ஸம்மா?" என்பதுதான். இதைவிட அறிவான கேள்வி என்ன இருக்கிறது?

ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மாரடைப்பு வந்து 17-ஆம் தேதி இறந்துவிட்டார். அடுத்து நாங்கள் போட்ட முகாமுக்கு வந்தவர்கள் நாலே பேர். மாரடைப்புக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பு, ஊசி இல்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்தியக் குழு விசாரித்து அதையே அறிவித்தது அக்டோபரில். அதுவரை ஊர் வாய் காத்திருக்குமா?

இன்னொன்றையும் கட்டுரை மறந்துவிட்டது. 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு ஊருக்குள் வைத்துப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அதையெல்லாம் பார்த்த ஒரு பாட்டி என்னிடம், "அன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னீங்க?" என்றார். வாட்ஸ்அப் வதந்திக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்வது?

அப்புறம், கூலி. ஊசி போட்டால் ரெண்டு நாள் காய்ச்சல், ரெண்டு நாள் கூலி போச்சு. வீட்டுக்கு மூன்று பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ('எத்தனை நாள் குடிக்கக் கூடாது?' என்று கேட்ட ஆண்களின் கணக்கு வேறு, அதை விடுங்கள்.) செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க 40 ஆயிரம் முகாம் போட்டார்கள். ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். லீவு நாள், நடந்து போகிற தூரம். அதே ஜனங்கள்தானே! இதற்கு நடுவில் இரண்டாம் அலையின் சாவுகளையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது சரிதான். ஏப்ரலில் ஊசி இருந்தது, ஆள் இல்லை. ஜூனில் ஆள் வரிசையில் நின்றது, ஊசி இல்லை.

நான் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வதை ஒருகட்டத்தில் விட்டுவிட்டேன். "காய்ச்சல் வரும், கை வலிக்கும், மாத்திரை தர்றேன், ராத்திரியானாலும் போன் பண்ணுங்க" என்றுதான் சொன்னேன். அதன்பிறகு வந்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் முழுதாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். இன்னொரு ஊசியான கோவிஷீல்டு போட்ட 20 நாளுக்குள் ரத்தம் உறைவதற்கான அறிகுறி தெரிந்தால் கவனிக்கும்படி மத்திய சுகாதாரத் துறை மே 2021-லேயே அறிவுறுத்தியிருந்தது. மிக அரிதாகத்தான் அப்படி நடக்கும். ஆனால் அந்த அறிவுறுத்தல் என் கைக்கு வரவேயில்லை.

மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி 2024-ல் டிவியில் ஓடிய அன்று, நான் ஊசி போட்டுவிட்ட ஒருவர் போன் செய்தார். "இதை ஏன் அப்பவே சொல்லலை?" என்றார். எனக்கே யாரும் சொல்லலையேப்பா என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.