கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கை நல்லிணக்கம் பற்றிய தங்கள் தலையங்கத்தில் மதகுருமார்களைத் தவிர எவரும் இடம்பெறவில்லை. மதங்களுக்கிடையே அமைதி பேணுவதில் இஸ்லாமியப் பெண்களின் பங்கு குறித்துப் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அடுத்த மாதம் கள ஆய்வைத் தொடங்கவிருக்கும் கிருஷ்ணகிரி மாணவி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது புத்தளத்தில்தான். 2009-இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பங்களும், 2019 ஏப்ரல் 21 அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அண்டை வீட்டாரின் சந்தேகப் பார்வைக்கு ஆளாயின. அம்மாத இறுதியிலேயே முகத்திரைக்குத் தடையும் வந்தது. அறுந்த பேச்சை வாசற்படியிலும் கிணற்றடியிலும் மீண்டும் தொடங்கிய பெண்கள் இருந்திருப்பார்கள் என்பதே என் ஆய்வின் ஊகம்.

எங்கள் வீட்டில் தக்கினி உருது. அங்கோ முஸ்லிம்களின் வீட்டுமொழியே தமிழ். மொழியைவிட, ஆய்வில் பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம்தான் எனக்குக் கவலை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அந்தப் படிவத்தை ஒத்திகை பார்த்தபோது, கையெழுத்து என்றதும் ஒரு மூதாட்டி, “குழுக் கடனாம்மா?” என்று கையை இழுத்துக்கொண்டார். இடப்பெயர்வைக் கண்டவர்கள் காகிதத்துக்கு இன்னும் அஞ்சக்கூடும் என்பதால், வாய்மொழி ஒப்புதலையும் பல்கலைக்கழகங்கள் தயங்காமல் ஏற்க வேண்டும்.

– ஆய்வு மாணவி, கிருஷ்ணகிரி