பாம்புப் பெட்டியும் மண்ணெண்ணெயும்

ஆசிரியர் அவர்கட்கு,

பாம்பின் உடம்பில் உண்ணி மொய்த்தால் மண்ணெண்ணெயையும் வேப்பெண்ணெயையும் சம அளவில் கலந்து தலை முதல் வால் வரை தடவினால் போதும், ஒரே நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று அன்பர் ஒருவர் அண்மையில் தங்கள் வாசகர் பக்கத்தில் எழுதியிருந்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆயினும் அதனை வாசித்துவிட்டு அப்படியே செய்த ஒருவரின் நாகபாம்பு, வாயில் நுரை தள்ளி, வயிற்றுப் பக்கத்துச் செதில்கள் வெந்ததுபோல் கிளம்பி, மூன்றாம் நாள் இறந்து கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். ஆகவே அக்குறிப்புக்கு ஒரு மறுப்பு அதே பக்கத்தில் வரவேண்டும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

நான் கால்நடைத் துறையில் போதனாசிரியராக 27 ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். மாடு, ஆடு, கோழி இவைதான் என் தொழில். பாம்பைப் பற்றி எனக்கு எவரும் வகுப்பெடுத்ததில்லை. அம்பாறை மாவட்டத்தின் ஆலையடிவேம்புப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள அளிக்கம்பைக்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போடச் சென்ற காலத்தில்தான் அந்தப் பாடம் தொடங்கியது. அவ்வூரில் வாழும் குறவர் சமூகத்தினர் தமக்குள்ளே தெலுங்கும் எங்களோடு தமிழும் பேசுபவர்கள். நாகத்தைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்று ஆட்டிக் காட்டுவது அவர்களுடைய முன்னோர் கைக்கொண்ட தொழில். அங்கே ஒரு பெரியவர், ஆட்டுக்கு ஊசி போட்டு முடித்த என்னை நிறுத்தி, "இதையும் ஒருக்காப் பாருங்க ஐயா, இரண்டு கிழமையாத் தண்ணிச் சட்டிக்குள்ளேயே கிடக்கு, உடம்பு காயுது போல" என்று தன் பெட்டியைத் திறந்து காட்டினார்.

பாம்புக்குக் காய்ச்சல் இல்லை. சட்டித் தண்ணீரின் அடியில் மிளகுத் தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் படிந்திருந்தன. பாம்பின் முதுகில் சாம்பல் தூவியதுபோல் வெள்ளைப் பொடி. கண்ணைச் சுற்றிய விளிம்பிலும் கீழ்த்தாடையின் மடிப்பிலும் கடுகிலும் சிறிய உருண்டைகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை வெள்ளைக் கடதாசியில் தட்டி நசுக்கியபோது இரத்தக் கறை தெரிந்தது. கடியைத் தாங்காத பாம்பு நீரில் அமிழ்ந்து கிடந்ததே தவிர, சூட்டைத் தணிப்பதற்காக அன்று. இரை எடுக்காமலிருப்பதும், சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக உரிவதும் இதே நோயின் மற்ற அடையாளங்கள் என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன்.

இவ்விடத்தில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டில் இருப்பதும் உண்ணி, நாயில் இருப்பதும் உண்ணி, பாம்பில் இருப்பதும் உண்ணிதான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அறுவடைக் காலத்தில் வயலில் அகப்படும் வெங்கிணாந்தி எனும் மலைப்பாம்பின் செதில்களுக்கிடையே தட்டையாக, ஓரிடத்தில் இறுகப் பதிந்து கிடப்பது உண்மையான உண்ணி. அதனை நுனி கூரிய இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடலாம். ஊதுபத்தியால் சுடவோ எண்ணெய் ஊற்றவோ வேண்டியதில்லை. பெட்டிப் பாம்பை வாட்டுவது ஓடித் திரியும் சிற்றுண்ணி. தென்னங்குரும்பையின் மேல்தோலைச் சொறி பிடித்ததுபோல் ஆக்கி, 1997 இன் இறுதியில் கற்பிட்டியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய தென்னைச் சிற்றுண்ணியை வாசகர்கள் அறிவார்கள். அதற்கு இது தூரத்துச் சொந்தம். பாம்பின் சிற்றுண்ணிக்கு விலங்கியலாளர் இட்ட பெயர் ஓபியோனிசஸ் நாட்ரிசிஸ்.

பசியோடிருக்கும் பெண் சிற்றுண்ணி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் நீளமே இருக்கும். இரத்தம் குடித்து வீங்கினால் 1.3 மில்லிமீற்றர் வரை வளர்ந்து கறுக்கும். முட்டையிலிருந்து முதிர்ந்த நிலை வரை அதற்கு ஐந்து பருவங்கள் உண்டு; அவற்றுள் இரண்டு மட்டுமே பாம்பின் இரத்தத்தைக் குடிப்பவை. வயிறு நிறைந்த பெண் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான, ஈரப்பதமுள்ள இடுக்கொன்றைத் தேடிப்போய் முட்டையிடுகிறது. வாழ்நாளில் அறுபது முதல் எண்பது முட்டைகள். அவை ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள் பொரித்துவிடும். எங்கள் பகுதியின் வெப்பநிலையில் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. இன்னொரு வியப்பு என்னவென்றால், ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகள் ஆணாகப் பொரிக்கும். ஆகவே கையிலோ சாரத்திலோ ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு பெண் போதும், ஒரு பெட்டியை நிரப்ப.

நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இதற்குள்தான் இருக்கிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் இந்தக் கூட்டத்தின் பெரும் பங்கு பாம்பின் மேல் இருப்பதில்லை. பிரம்பின் பின்னலுக்குள்ளும், மூடியின் மடிப்புக்குள்ளும், உள்ளே விரித்த பழந்துணியின் அடியிலும் இருக்கிறது. பாம்புக்கு எதைப் பூசினாலும், பூசிய பாம்பைத் திரும்ப அதே பெட்டிக்குள் போட்டு மூடினால், மறு கிழமை எல்லாம் பழையபடியே. இதனை நான் அந்தப் பெரியவருக்கு விளக்கியபோது, அவர் என்னை நம்பவில்லை. "அடைகாத்த கோழி எழும்பினால் கூட்டு வைக்கோலை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "கொளுத்துவம், பேன் இருக்குமே" என்றார். கேட்ட மாத்திரத்தில் அவருடைய முகம் மாறியது. கோழியின் பேன் கோழியில் மட்டும் இல்லை, கூட்டில் இருக்கிறது என்பது எங்கள் ஊர்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவைப் பாம்புப் பெட்டிவரை நீட்டிப் பார்க்க எவருக்கும் ஏனோ தோன்றவில்லை.

பெட்டியைக் கொளுத்திவிடுவதே சிறந்த வழி. பெரியவர் அதற்கு இணங்கவில்லை, அது அவருடைய தகப்பனார் பின்னிய பெட்டி. எனவே கொதிக்கும் நீரில் முழுதாக அமிழ்த்தி எடுத்து, கறுப்புப் பொலித்தீன் உறையில் இறுகக் கட்டி, கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் இரண்டு நாள் போட்டோம். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இந்தச் சிற்றுண்ணியும் அதன் முட்டையும் பிழைப்பதில்லை. காய்ந்த காற்றும் அதற்கு ஆகாது. மாரியில் வெயில் இல்லாதபோது கொதிநீர் ஒன்றே துணை. உள்ளே விரித்த துணிகளை எரித்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பழைய பத்திரிகைத் தாளை விரிக்கச் சொன்னேன். தாளை நாள்தோறும் மாற்றி எரிக்கலாம். அச்சில்லாத வெள்ளை ஓரத்தில் சிற்றுண்ணி ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும். (தங்கள் பத்திரிகையின் பழைய பிரதிகளும் அப்பெட்டிக்குள் பயன்பட்டன என்பதைத் தாங்கள் மன்னிக்கவேண்டும்.)

பாம்பை என்ன செய்வது? இளஞ்சூடான நீர் நிறைந்த வாளியில், தலை மட்டும் மேலே இருக்கும்படி, அரை மணி நேரம் விட்டால் உடம்பிலுள்ளவற்றில் பெரும்பாலானவை மூழ்கி இறக்கும். மிஞ்சுபவை ஈரமில்லாத தலையை நோக்கி ஏறும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலின் விளிம்பில் அவை போய் ஒளிந்துகொள்ளும். அவ்விடத்தில் பஞ்சில் தொட்ட சிறிது சமையல் எண்ணெயை மெல்லத் தடவினால் அவை மூச்சடைத்து இறந்துபோகும். மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே என்று சிலர் கேட்கலாம். சமையல் எண்ணெய் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைப்பதோடு நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெயோ பாம்பின் தோலை எரித்து, ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் அதன் நுரையீரலுக்குப் போகிறது. நாக்கை நீட்டி நீட்டி உலகை அறியும் பிராணி அது. உடம்பில் பூசிய எதுவும் அதன் வாய்க்குள் போகும். வயலுக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினி, எறும்புப் பவுடர், புகையிலைத் தண்ணீர் ஆகியவற்றுக்கும் இதே காரணத்தால் இடமில்லை.

முட்டைகள் இன்னும் எங்காவது இருக்கும் என்பதால், பாம்பை நீராட்டுவதும் பெட்டியைக் கொதிநீரில் இடுவதும் ஒரு முறையோடு முடிவதில்லை. நாங்கள் வாரத்துக்கு ஒரு தடவை வீதம் ஆறு வாரங்கள் செய்தோம். புதிதாக வரும் பாம்பு எதையும் அதே காலத்துக்குத் தனிப் பெட்டியில், தனிக் குடிசையில் வைப்பதும், அதைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொடாமலிருப்பதும் அவசியம். மேற்சொன்னவை யாவும் தலைமுறை தலைமுறையாக நாகத்தைக் கையாளும் கைகளுக்கு உரியவை என்பதையும், இதை வாசித்துவிட்டு வேறெவரும் விஷப் பாம்பை நீராட்டப் புறப்படக்கூடாது என்பதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டுமோ தெரியவில்லை; சொல்லிவைக்கிறேன்.

மருந்துக் கடையை நம்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மாட்டுப் பண்ணையாளர் பலரின் வீட்டில் ஐவர்மெக்டின் ஊசி மருந்துப் போத்தல் இருக்கிறது. கால்நடை வைத்தியர்கள் பாம்பின் சிற்றுண்ணிக்கும் அதனைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ஐம்பது கிலோ எடையுள்ள மாட்டுக்கன்றுக்கு 1 மில்லிலீற்றர் என்ற அதே விகிதத்தில் ஒரு கிலோ பாம்புக்குக் கணக்கிட்டால் 0.02 மில்லிலீற்றர்தான் வரும். எங்கள் கையிலுள்ள சாதாரண ஊசிக்குழாயால் அளந்தெடுக்க இயலாத துளி அது. கொஞ்சம் கூடினால் என்ன என்று ஏற்றிவிட்டால் பாம்பின் நரம்பு தளர்ந்து அது மீளாது. அதே வீட்டில் ஆமை இருந்தால் அதற்கு இம்மருந்து எந்த அளவிலும் எமன். நாய்க்கு அடிக்கும் பிப்ரோனில் திரவத்தையும் வைத்தியர் சொல்லும்போது துணியில் நனைத்துத் துடைக்கலாமே ஒழிய, நேரே பீச்சி மூடிவைக்கக்கூடாது. அது மதுசாரத்தில் கரைத்த மருந்து.

இத்தனை பாடு ஒரு பூச்சிக்காகவா என்று எண்ணுவோர் இருப்பர். இரத்தம் இழந்து சோர்வதோடு இது நிற்பதில்லை. ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு இச்சிற்றுண்ணி ஏரோமோனாஸ் என்னும் பற்றீரியாவைக் கடத்தி, இரத்தம் நஞ்சாகும் நோயை உண்டாக்குகிறது என்பதை 1948 இலேயே ஜோசப் கமின் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவிட்டார். பாம்பு இல்லாத வேளையில் அது மனிதரையும் கடிக்கும். மனித உடம்பில் குடியிருக்காது, ஆனால் சிவந்து அரிக்கும் தடிப்புகளை விட்டுச் செல்லும். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளை பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை. அதன் கைகால்களில் இருந்த தடிப்பைச் சிரங்கு என்று நினைத்து மாதக்கணக்காகக் களிம்பு பூசியிருக்கிறார்கள்.

இனி மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் பூசுவதற்கு முன்னர், பாம்பை இழந்த அந்த மனிதர் பெட்டியோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே அவரை நிறுத்தி, "இது மாட்டாஸ்பத்திரி, பாம்பாஸ்பத்திரி இல்லை" என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். பாம்பைக் கண்டு அஞ்சுவதில் தவறில்லை, நானும் அஞ்சினேன். ஆனால் பெட்டியைத் திறக்காமலே சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று இருந்தது, அது அவருடைய பாம்பைக் காப்பாற்றியிருக்கும். வெங்கிணாந்தி போன்றவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதும், 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எதை வைத்திருக்கலாம், எதை விடவேண்டும் என்பதும் வனஜீவராசிகள் திணைக்களத்தோடு பேசித் தீர்க்கவேண்டியவை. அது தீரும்வரை பெட்டியிலிருக்கும் உயிர் கடிபட்டே கிடக்கட்டும் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அளிக்கம்பைக்கு ஆடுமாடுகளுக்கான நடமாடும் சிகிச்சை முகாம் நடத்தப்படும் நாளில், பாம்பு வைத்திருப்பவர்களையும் பெட்டியோடு வரச்சொல்லி, ஒரு மிடாக் கொதிநீரையும் அடுப்பில் ஏற்றிவைத்தால் செலவு விறகுக்கு மட்டும்தான்.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மண்ணெண்ணெய்க் குறிப்பு வெளியான அதே பக்கத்தில், இக்கடிதம் முழுவதற்கும் இடமில்லாவிட்டால், "பாம்புக்கு மண்ணெண்ணெய் பூசவேண்டாம், பெட்டியைக் கொதிநீரில் இடுங்கள்" என்ற இந்த ஒரு வரியையாவது வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர்,
தம்பிலுவில்.